ஐந்தாம் அத்தியாயம்: ஓய்வுநாளைச் சனிக்கிழமை மாலையில் தொடங்குங்கள்

அம்பத்தூருக்கும் ஆவடிக்கும் பூந்தமல்லிக்கும் இடையே குடியிருந்து, தொழிற்சாலைக்கும் அலுவலகத்துக்கும் ஆஸ்பத்திரிக்கும் பள்ளிக்கூடத்துக்குமாய் ஓடிக்கொண்டிருக்கும் கிறிஸ்தவக் குடும்பங்களை மனத்தில் வைத்தே இந்த அத்தியாயம் எழுதப்படுகிறது. ஏரிகளும் வயல்களுமாய்க் கிடந்த இந்தப் பிரதேசத்துக்குக் கடிகாரம் இருப்புப்பாதை வழியாகவே வந்தது எனலாம். 1856 ஜூலை 1-ஆம் தேதி இராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடுக்குப் புறப்பட்ட தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் அம்பத்தூரையும் ஆவடியையும் கடந்துதான் சென்றது. இன்றைக்கு அரக்கோணம் மின்சார ரயில்கள் ஓடுவதும் அந்த மார்க்கத்திலேதான். சுதந்திரத்துக்குப் பிறகு, 1949-இல் தொடங்கப்பட்ட டி.ஐ. சைக்கிள் நிறுவனமும், 1960-களில் எழுந்த அம்பத்தூர் தொழிற்பேட்டையும், 1965-இல் விஜயந்தா டாங்கியை உருவாக்கி வெளியே அனுப்பிய ஆவடி கனரக வாகனத் தொழிற்சாலையும், அதே ஆவடியில் படைவீரர்களின் உடைகளைத் தைக்கும் தொழிற்சாலையும் சேர்ந்து, இந்த வட்டாரத்தின் பகலையும் இரவையும் ஷிப்டுகளாகப் பகுத்துவிட்டன. நாசரேத்திலிருந்தும் பாளையங்கோட்டையிலிருந்தும் மார்த்தாண்டத்திலிருந்தும் அந்நாளில் வேலை தேடி வந்து, கொரட்டூரிலும் திருமுல்லைவாயிலிலும் பட்டாபிராமிலும் மனை வாங்கி வீடு கட்டி, ஓலைக் கொட்டகையில் ஜெபக்கூட்டம் நடத்திப் பின்பு ஆலயங்களையும் எழுப்பிய தலைமுறையின் பேரப்பிள்ளைகள், இப்போது அமெரிக்காவின் பகல்நேரத்துக்குச் சரியாக நம் நடுராத்திரியில் கணினி முன் அமர்ந்து வேலை பார்க்கிறார்கள். சௌக்கியமா என்று கேட்டால், "ஓட்டமா ஓடுது" என்பதே எல்லா வயதினரிடமிருந்தும் வரும் பதிலாயிருக்கிறது.

இந்த அத்தியாயத்தில் நாம் சொல்ல வருவது ஒன்றே. வேலையெல்லாம் முடிந்தபின் மிஞ்சுகிற நேரத்தை ஓய்வு என்று எண்ணிக் காத்திருப்பவனுக்கு அது ஒருநாளும் வாய்ப்பதில்லை. வேலைக்கு முன்பாகவே தேவனுடைய கரத்திலிருந்து பெற்றுக்கொள்ளவேண்டிய ஈவு அது. அப்படிப் பெற்றவர் அதைத் தம் வீட்டிலும் தம் கீழும் உழைக்கிறவர்களோடு பங்கிட்டுக்கொண்டாலன்றி அது வேதம் சொல்லும் ஓய்வாகாது.

வேதம் வகுத்த வரிசை

ஆதியாகமத்தின் முதல் அதிகாரத்தைச் சிரத்தையாய் வாசிப்பவர்கள், அங்கே ஒவ்வொரு நாளும் சாயங்காலத்தை முன்னும் விடியற்காலத்தைப் பின்னுமாக வைத்து எண்ணப்படுவதைக் கவனித்திருப்பார்கள். மனிதன் ஒன்றும் செய்யாமல் கண்ணயர்ந்து கிடக்கிற இராக்காலத்திலேயே தேவனுடைய நாள் ஆரம்பமாகிவிடுகிறது. விழித்தெழுகிறவன், தான் தொடங்காத ஒரு காரியத்தில் பங்குபெறவே எழுந்திருக்கிறான். அன்றியும், ஆறாம் நாளில் சிருஷ்டிக்கப்பட்ட மனிதனுக்கு வாய்த்த முதல் முழுநாள் ஏழாம் நாளாகிய ஓய்வுநாளே. ஒரு வேலையும் செய்து களைத்திராதவனுக்கு ஓய்வு முதலில் அளிக்கப்பட்டது என்னும் இந்த வரிசையை நாம் தலைகீழாக்கிவிட்டதே நமது இளைப்புக்கெல்லாம் மூலம் என்பது என் துணிபு.

பத்துக் கட்டளைகளை வேதம் இரண்டு இடங்களில் சொல்லுகிறது. யாத்திராகமத்தின் 20-ஆம் அதிகாரம் ஓய்வுநாளுக்குச் சிருஷ்டிப்பைக் காரணமாகக் காட்ட, உபாகமத்தின் 5-ஆம் அதிகாரமோ எகிப்தின் அடிமைத்தனத்தைக் காரணமாகக் காட்டுகிறது. வைக்கோலைக் கொடாமல், செங்கல் கணக்கை மட்டும் ஒன்றும் குறைக்காமல் வாங்கின பார்வோனிடத்தில் வேலை செய்த ஜனத்துக்கு, வாரத்தில் ஒருநாள் யாருக்கும் கணக்குக் கொடுக்கவேண்டாம் என்று சொல்லப்பட்டபோது, அது எத்தனை பெரிய விடுதலையாக ஒலித்திருக்கும்! பூந்தமல்லியைத் தாண்டித் திருவள்ளூர் மாவட்டத்துச் செங்கற்சூளைகளில், ஒடிசாவிலிருந்து முன்பணம் வாங்கிக்கொண்டு வந்து, கணவனும் மனைவியும் பிள்ளைகளுமாய்க் கல்லறுக்கும் குடும்பங்களைக் கண்டிருப்பவர்களுக்கு இந்த வேதபாகத்தை விளக்கிச் சொல்லவேண்டியதில்லை. அந்தக் கட்டளை எஜமானை மட்டும் இளைப்பாறச் சொல்லி நிற்கவில்லை. யாத்திராகமம் 23-ஆம் அதிகாரத்தின் 12-ஆம் வசனம், மாடும் கழுதையும் அடிமைப்பெண்ணின் பிள்ளையும் அந்நியனும் இளைப்பாறும்படிக்கு நீ வேலையை நிறுத்து என்று காரணத்தையே அவர்கள்மேல் வைக்கிறது.

தமிழ்நாட்டுக் கிறிஸ்தவர்கள் இந்தக் கட்டளையை லேசாக எண்ணினவர்கள் அல்லர். திருநெல்வேலிச் சீமையில் மிஷனெரிமாரோடு முரண்பட்டு, 1857-இல் அருமைநாயகம் என்னும் சட்டம்பிள்ளை நாசரேத்தையடுத்த பிரகாசபுரத்தில் ஸ்தாபித்த இந்துக் கிறிஸ்தவ சபை, அந்நிய நாட்டாரின் உதவியில்லாமல் தானே வேதத்தை ஆராய்ந்து, சனிக்கிழமையையே ஓய்வுநாளாக அநுசரித்தது. அவர் எடுத்த முடிவுகள் எல்லாவற்றையும் நாம் ஏற்கவேண்டுவதில்லை. எனினும், எந்த நாளில், எப்படி ஓய்ந்திருப்பது என்னும் கேள்விக்காக ஊரையும் உறவையும் பகைத்துக்கொள்ளத் துணிந்த தமிழர்கள் இருந்தார்கள் என்பது நாம் மறக்கத் தகாத சரித்திரம். ஞாயிற்றுக்கிழமை ஆலயத்துக்குப் போகிற மற்றச் சபைகளிலும், அன்றைக்குக் கடைக்குப் போவதில்லை, கொடுக்கல் வாங்கல் பேசுவதில்லை என்ற நியமத்தைக் காத்த வீடுகள் அந்தச் சீமையில் ஏராளம். அங்கிருந்து ரயிலேறி இங்கு வந்தபோது, கீர்த்தனைகளையும் அசன விருந்தையும் கூடவே கொண்டுவந்த நாம், அந்த நியமத்தை மட்டும் அங்கேயே விட்டுவிட்டோம்.

வேலை செய்கிறவனுக்கு வாரத்தில் ஒருநாள் விடுமுறை இந்நாட்டில் தானாகவும் வந்துவிடவில்லை. பம்பாய்ப் பஞ்சாலைத் தொழிலாளர்களைத் திரட்டி நாராயண் மேகாஜி லோகாண்டே பல ஆண்டுகள் போராடியதன் பலனாக 1890-இல் அவர்களுக்கு ஞாயிறு விடுமுறை கிடைத்தது. சுதந்திர இந்தியாவின் 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டம் வாரத்துக்கு 48 மணி நேரம் என்று வரம்பு கட்டி, வார விடுமுறையையும், தொடர்ந்து 5 மணி நேர வேலைக்குமேல் போகாமல் அரைமணி இடைவேளையையும், மிகைநேர வேலைக்கு இரட்டிப்புக் கூலியையும் நியமித்தது. 2021-இல் தமிழ்நாடு சட்டமன்றம், நாள்முழுதும் நின்றே வேலை செய்யும் கடை ஊழியர்களுக்கு உட்கார இருக்கை தரவேண்டும் என்று சட்டத்தைத் திருத்திற்று. 2023 ஏப்ரலில் 12 மணி நேர வேலைக்கு இடங்கொடுக்கும் மசோதா ஒன்று நிறைவேற்றப்பட்டு, எதிர்ப்பு எழுந்தபின், மே தினத்தன்று அது திரும்பப் பெறப்பட்டதாக முதலமைச்சர் அறிவித்தார். உட்காருவதும் வீட்டுக்குப் போவதும்கூடப் போராடியும் சட்டம் இயற்றியும் காக்கவேண்டியவையாக இருக்கிறபடியால், ஓய்வைப் பற்றிப் பேசும் சபை தொழிலாளர் உரிமையைப் பற்றிப் பேசாமலிருப்பது தகாது.

நம்முடைய ஞாயிற்றுக்கிழமை

இனி, நம்மிடத்தில் ஓய்வுநாள் என்று பெயர் பெற்றிருக்கும் நாள் எவ்வாறு கழிகிறது என்பதை ஒளிக்காமல் பார்ப்போம். காலை ஐந்து மணிக்கு எழுந்து, பிள்ளைகளைக் குளிப்பாட்டிக் கிளப்பி, முதல் ஆராதனைக்குப் போய், அது முடிந்ததும் ஞாயிறு பள்ளி, அதன்பின் பாடகர் குழுவின் பயிற்சி, வாலிபர் கூட்டம், பெண்கள் ஐக்கிய சங்கம், கமிட்டி, அறுப்பின் பண்டிகைக்கு ஆலோசனைக் கூட்டம், மாலையில் ஒரு வீட்டில் ஸ்தோத்திரக் கூட்டம் என்று, வாரத்தின் ஆறு நாளில் இல்லாத பரபரப்பு அன்றைக்கு வந்து சேருகிறது. இவை ஒவ்வொன்றும் நல்லதே. ஆனால் நல்லவை எல்லாம் ஒரே நாளில் வந்து குவியும்போது, திங்கட்கிழமை காலையில் தொழிற்பேட்டை பஸ்ஸில் ஜன்னலோரம் தலைசாய்த்துத் தூங்குகிறவர்களில் நம் சபையாரே மிகுதியாக இருக்கிறார்கள்.

அன்று மதியம் திருமுல்லைவாயிலில் ஒரு வீட்டின் அடுக்களையைப் பாருங்கள். ஆராதனைக்கு உடுத்தியிருந்த புடவையை மாற்றவும் நேரமில்லாமல், முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, ஒருத்தி வெங்காயம் நறுக்கிக்கொண்டிருக்கிறாள். ஆய்ந்த புதினா முறத்தில் கிடக்கிறது. சீரகச் சம்பா ஊறிக்கொண்டிருக்கிறது. கறி குக்கரில் மூன்றாவது விசில் அடித்துவிட்டது. ஆலயத்துக்குக் கொண்டுபோன கைப்பை, உள்ளே வேதாகமத்தோடு, பிரிட்ஜின்மேல் வைத்தபடியே இருக்கிறது. கூடத்தில் மாமனாரும் கணவனும் கொழுந்தனும் தொலைக்காட்சியைப் போட்டுவிட்டு, காலையில் கேட்ட பிரசங்கத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறார்கள். கணவன் நல்லவன்தான், எட்டிப் பார்த்து, "கொஞ்சம் உக்காரேம்மா" என்கிறான். "நான் உக்காந்தா அடுப்பை யாருங்க பாக்கறது?" என்கிறாள் அவள். அந்தக் கேள்விக்கு அந்த வீட்டில் யாரிடத்திலும் பதில் இல்லை.

லூக்கா சுவிசேஷத்தின் 10-ஆம் அதிகாரத்தில் வரும் மார்த்தாள் மரியாள் சரித்திரத்தை நாம் பெண்களுக்குப் பிரசங்கித்துப் பிரசங்கித்து, உழைத்துக் களைத்தவளை மேலும் குற்றவாளியாக்கிவிட்டோம். மார்த்தாளின் சமையலை ஆண்டவர் அற்பமாக எண்ணினார் என்று அங்கே எழுதப்படவில்லை. அநேக காரியங்களைக் குறித்து அவள் மனம் அலைக்கழிகிறதைக் கண்டு, பரிவோடு பெயர் சொல்லி அழைத்துப் பேசினார். அந்த வீட்டுக்கு லாசரு என்றொரு சகோதரனும் இருந்தான் என்பதை யோவான் சுவிசேஷம் நமக்கு அறிவிக்கிறது. மார்த்தாளும் அவருடைய பாதத்தருகே உட்காரவேண்டுமானால், அந்த வீட்டில் வேறொருவர் எழுந்து அடுப்பருகே போயிருக்கவேண்டும், இல்லையேல் அன்றைய விருந்து இன்னும் எளியதாய் இருந்திருக்கவேண்டும். ஆகையால் இந்த அத்தியாயத்தின் முதல் யோசனை ஆண்களுக்கே: ஞாயிற்றுக்கிழமைச் சமையலை எளிதாக்குங்கள், அல்லது நீங்களே செய்யுங்கள். பிரியாணி வேண்டுமென்று விரும்புகிறவர் அதைச் சனிக்கிழமை மதியம் ஆக்கி உண்ணலாம். அதில் தேவபக்திக்கு ஒரு குறைவும் வந்துவிடாது.

சனிக்கிழமை மாலை ஆறு மணி

ஓய்வுநாளைச் சனிக்கிழமை மாலையிலிருந்து ஞாயிற்றுக்கிழமை மாலை வரைக்கும் என்று கொள்வது, வேதத்தின் கணக்குக்கும் பொருந்தும், நம் வீடுகளின் நடப்புக்கும் சௌகரியமானது. ஞாயிறு காலையில் தொடங்கலாம் என்றிருப்பவருக்கு, சனிக்கிழமை நள்ளிரவு வரைக்கும் துணி துவைப்பதும் கணக்குப் பார்ப்பதுமாகக் கழிந்து, ஓய்வுநாள் களைப்போடு விடியும்.

அதற்கான ஆயத்தம் வெள்ளிக்கிழமையே ஆரம்பிக்கவேண்டும். பள்ளிச் சீருடைகளும் ஆலயத்துக்கு உடுத்தும் துணிகளும் அன்றைக்கே இஸ்திரி போடக் கொடுக்கப்படட்டும். சனிக்கிழமை பகலில் மாவு அரைத்து, காய்கறி வாங்கி, திங்கட்கிழமைக்கு வேண்டிய பள்ளிக்கூட வேலைகளைப் பிள்ளைகள் முடித்து, கட்டவேண்டிய பில்களையும் கட்டிவிட்டால், ஞாயிறு காலைக்கு இட்லியும் தேங்காய்ச் சட்னியும், மதியத்துக்கு ஒரே பாத்திரத்தில் ஆகிற புளிசாதமோ சாம்பார்சாதமோ போதும். பாத்திரம் கழுவுவது ஆண்மக்களின் பொறுப்பாகட்டும். இந்த ஆயத்தத்துக்கு வேதத்தில் ஒரு முன்மாதிரி உண்டு: வனாந்தரத்தில் ஆறாம் நாளில் இரண்டத்தனையாய் மன்னாவைச் சேர்த்துவைக்கும்படி ஜனங்களுக்குச் சொல்லப்பட்டது, ஏழாம் நாளிலும் சிலர் சேர்க்கப் புறப்பட்டுப்போய் ஒன்றும் காணாமல் திரும்பினார்கள் என்று யாத்திராகமத்தின் 16-ஆம் அதிகாரம் சொல்லுகிறது.

ஆறு மணி அடித்தவுடன் வீட்டிலுள்ள கைபேசிகள் அனைத்தும் பீரோவுக்குள் போகட்டும். ஊரில் வயதான பெற்றோர் இருந்தால், அவர்கள் அழைப்பதற்கென்று ஒன்றை மட்டும் மணியோசையோடு வெளியே வைக்கலாம். ஞாயிறு மாலை ஆறு மணிக்குப் பிறகு பதில் அனுப்புவேன் என்று வேலையிடத்து வாட்ஸ்அப் குழுவில் முன்கூட்டியே ஒரு வரி எழுதிவிட்டால், இரண்டொரு வாரங்களில் மற்றவர்கள் அதற்குப் பழகிக்கொள்வார்கள். பின்பு எல்லாரும் பாய் விரித்து உட்கார்ந்து, 23-ஆம், 127-ஆம் அல்லது 131-ஆம் சங்கீதத்தை ஒருவர் நிறுத்தி வாசிக்க, எல்லாருக்கும் மனப்பாடமான ஒரு கீர்த்தனையைப் பாடி, அந்த வாரத்தில் நன்றி சொல்லத்தக்க ஒரு காரியத்தை ஒவ்வொருவரும் சொல்லி முடிக்கலாம். அன்றைய ஜெபத்தில் விண்ணப்பங்களின் நீண்ட ஜாபிதா வேண்டாம்; கேட்கவேண்டியவற்றைக் கேட்க ஆறு நாள் இருக்கிறது. அதன்பின் சாப்பாடும் நித்திரையும்.

ஞாயிறன்று ஒரே ஓர் ஆராதனை போதும். மதியத்தில் தூங்குவது சோம்பலன்று. படகின் பின்னணியத்தில், புயல் அடித்துக்கொண்டிருந்தபோதும் தலையணையின்மேல் நித்திரையாயிருந்தவரை ஆண்டவர் என்று தொழுகிற நாம் அதற்கு வெட்கப்படுவானேன்? வெயில் தாழ்ந்தபின், ஆவடியில் இருப்பவர்கள் பருத்திப்பட்டு ஏரியின் நடைபாதையிலும், மற்றவர்கள் தங்கள் ஊர் ஏரிக்கரையிலும் குடும்பத்தோடு மெள்ள நடந்துவரலாம். நீர்க்காகங்கள் சிறகை விரித்து உலர்த்திக்கொண்டு அசையாமல் நிற்பதைப் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். மாலை ஆறு மணிக்குச் சிறு ஜெபத்தோடு நாளை முடித்து, பீரோவைத் திறந்துகொள்ளலாம்.

முதல் சில வாரங்களில் இது சுகமாக இராது என்பதையும் சொல்லிவைக்கிறேன். கை தானாகவே கைபேசியைத் தேடும். பிள்ளைகள் பொழுதுபோகவில்லை என்பார்கள். செய்யாமல் விட்ட வேலையெல்லாம் வரிசையாக நினைவுக்கு வரும். அவ்வளவு நாளாய் ஓட்டத்தால் மறைந்திருந்த துக்கமும் தம்பதிகளுக்கிடையே பேசித் தீராத மனத்தாங்கலும் அந்த மௌனத்தில் மேலெழும்புவதுண்டு. அதைக் கண்டு பயந்து மறுபடியும் ஓடத் தொடங்கிவிடாமல், அவற்றையும் ஜெபத்தில் வைப்பதே அந்நாளின் வேலை. 24 மணி நேரம் கூடாதவர்கள் ஞாயிறு மதியம் வரைக்குமாவது கடைப்பிடிக்கட்டும். மனிதனுக்காகவே ஓய்வுநாள் உண்டாயிற்று என்னும் கருத்துப்பட ஆண்டவர் மாற்கு சுவிசேஷத்தின் 2-ஆம் அதிகாரத்தில் பேசியிருக்க, இந்த நியமத்தை ஒரு புதிய நுகமாக்கி ஒருவர்மேலும் சுமத்தவேண்டாம்.

ஞாயிறும் வேலை உள்ளவர்கள்

இந்த வட்டாரத்தில் சுழல் ஷிப்டில் இருக்கிறவர்களும், ஆஸ்பத்திரிச் செவிலியரும், காவலாளிகளும், பஸ் ஓட்டுநரும், சாப்பாட்டுப் பொட்டலம் கொண்டுபோகிற இளைஞர்களும் ஞாயிற்றுக்கிழமை வீட்டில் இருக்க இயலாதவர்கள். அவர்களுடைய 'வீக் ஆஃப்' செவ்வாய்க்கிழமையில் விழுந்தால் செவ்வாய்க்கிழமையே அவர்களுக்கு ஓய்வுநாள். முந்தின ஷிப்ட் முடிந்து வாசலில் விரலைப் பதித்து வெளியே வருகிற அந்த நிமிஷத்திலிருந்து அதை எண்ணலாம். இரவு ஷிப்ட் முடித்து வருகிறவர் முதலில் தூங்கவேண்டும், ஜெபம் எழுந்தபிறகு. இராஜாக்களின் முதலாம் புஸ்தகம் 19-ஆம் அதிகாரத்தில், சாக விரும்பிச் சூரைச்செடியின்கீழ் விழுந்துகிடந்த எலியாவுக்குத் தேவன் முதலில் அனுப்பினது போதனையை அன்று. தழலில் சுட்ட அடையையும் ஒரு பாத்திரம் தண்ணீரையும். சாப்பிட்டான், தூங்கினான், மறுபடியும் சாப்பிட்டான். மெல்லிய சத்தத்தை அவன் கேட்டது அதற்கு அப்புறம்.

கணவனுக்கு ஞாயிறும் மனைவிக்குப் புதனும் விடுமுறையாய் வாய்த்த வீடுகளில், வாரத்தில் ஒரு வேளையாவது எல்லாரும் ஒன்றாய் உட்கார்ந்து சாப்பிடும் நேரத்தை நிச்சயித்து, அதை மற்ற எந்தக் காரியத்துக்காகவும் விட்டுக்கொடாதிருங்கள். வார விடுமுறையில் வேலைக்கு அழைக்கப்பட்டவருக்கு ஈட்டு விடுமுறை கேட்கும் உரிமை உண்டு, கேட்பது அவிசுவாசமன்று. ஓ.டி. பணத்தைப் பற்றியும் மனம்விட்டுப் பேசவேண்டும். வீட்டுக்கடன், வண்டிக்கடன், நகைச்சீட்டு, பிள்ளைகளின் டியூஷன் என்று மாதத் தவணைகள் மிகைநேரக் கூலியை நம்பியே போடப்பட்டிருக்கும் வீட்டில், ஓய்வு என்பது ஒரு தொகையாகவே வந்து நிற்கும். அந்தத் தொகை எவ்வளவு என்று கணவனும் மனைவியும் ஒரு காகிதத்தில் எழுதிப் பார்க்கட்டும். அடுத்த கடனை வாங்காமலிருந்தால் எத்தனை ஞாயிறுகள் திரும்பக் கிடைக்கும் என்பது அப்போது பிரத்தியட்சமாகத் தெரியும். அன்றாடக் கூலியில் ஒருநாளை விட்டால் அடுப்பெரியாத நிலையில் இருப்பவர்களிடத்தில் இந்த அத்தியாயத்துக்குச் சொல்ல ஒன்றுமில்லை. அவர்களுக்கு அந்த ஒருநாளை வாங்கிக்கொடுக்கவேண்டியது சபையின் கடமை.

அன்றாடத்தில் சில நிமிஷங்கள்

வாரத்தின் மற்ற நாள்களில் பெரிய நியமங்கள் தேவையில்லை. ஆவடியில் ஏறிச் சென்ட்ரல் போகிறவர், கொரட்டூரிலிருந்து வில்லிவாக்கம் வரைக்கும் கைபேசியைப் பையில் போட்டுவிட்டு, ஒரே ஒரு வசனத்தை மனத்துக்குள் உருப்போடலாம். பூந்தமல்லி நெடுஞ்சாலை நெரிசலில் நிற்கிற வண்டியோட்டி, முன்னால் நிற்பவருக்காக ஜெபிக்கலாம். தொழிற்சாலையின் அரைமணி இடைவேளையில் டிபன் பாக்ஸை நின்றபடியே காலிசெய்யாமல், உட்கார்ந்து, ஸ்தோத்திரம் சொல்லிச் சாப்பிடுங்கள்.

வேலை மிகுந்தவர்களுக்கு இதெல்லாம் ஆகாது என்று சொல்லுகிறவர்கள் திருப்பத்தூர்க் கிறிஸ்துகுல ஆசிரமத்தை நினைத்துக்கொள்ளட்டும். 1921-இல் அதை ஸ்தாபித்த சவரிராயன் ஜேசுதாசனும் ஏர்னஸ்ட் பாரெஸ்டர் பேட்டனும், சீமையில் வைத்தியம் படித்த டாக்டர்கள். ஜனங்கள் பெரியண்ணன், சின்னண்ணன் என்று அழைத்த அவ்விருவரிடத்தும் வந்து நின்ற நோயாளிகளின் கூட்டத்துக்குக் குறைவில்லை. இருந்தும், வைத்தியசாலையோடு நின்றுவிடாமல், திராவிடக் கோயிற் சிற்பமுறையில் ஒரு ஜெபாலயத்தை எழுப்பி, வைத்தியத்தையும் ஜெபத்தையும் ஒரே வாழ்வின் இரு பகுதிகளாகவே நடத்தினார்கள். தனித்திருந்து ஜெபிக்க விரும்புகிறவர்களுக்கு இடங்களும் உண்டு. குளித்தலையை அடுத்துக் காவிரிக்கரையில் 1950-இல் தொடங்கிய சச்சிதானந்த ஆசிரமமாகிய சாந்திவனத்தில் விருந்தினர் சில நாள் தங்கலாம். சென்னையிலேயே இயேசு சபையார் நடத்தும் தியான ஆசிரமமும் இருக்கிறது. ஆண்டுக்கொருமுறை இரண்டு நாள் இப்படிப்பட்ட இடத்தில் மௌனமாயிருந்து வருவது, கன்வென்ஷன் கூட்டங்களில் நாலு நாள் உட்கார்ந்து வருவதைக் காட்டிலும் சிலருக்கு அதிகப் பிரயோஜனம் தரும்.

நிறுத்த முடியாமலிருக்கும் காரணம்

நேரம் இல்லாததைக் காட்டிலும், நாம் நின்றால் எல்லாம் நின்றுபோகும் என்ற பயமே நம்மை ஓட்டுகிறது. பயனுள்ளவர் என்று பேரெடுத்தவர்களுக்கு இந்தப் பயம் அதிகம். ஊழியக்காரருக்கோ அது பக்தியின் வேஷத்தில் வருகிறது. மாற்கு சுவிசேஷத்தின் முதல் அதிகாரத்தை வாசியுங்கள். கப்பர்நகூமில் ஊர் முழுவதும் வாசலில் கூடிவந்த மறுநாள், இருட்டோடே எழுந்து வனாந்தரமான ஓர் இடத்துக்குப் போய் ஜெபித்துக்கொண்டிருந்த இயேசுவைச் சீஷர்கள் தேடிக் கண்டுபிடித்து, எல்லாரும் உம்மைத் தேடுகிறார்கள் என்று அறிவிக்க, அவரோ திரும்பிப் போகாமல் அடுத்த ஊர்களுக்குப் புறப்பட்டார். அன்றைக்குக் கப்பர்நகூமில் குணமாகாத நோயாளிகள் இருந்திருப்பார்கள். உலகத்தை இரட்சிக்க வந்தவரே தம்மைத் தேடினவர்கள் எல்லாருக்கும் ஒரே நாளில் கிடைத்துவிடவில்லை என்றால், நாம் எம்மாத்திரம்? இந்த ஒரு பகுதியை மனத்தில் பதித்துக்கொண்டவர், இயலாது என்ற சொல்லை வருத்தமில்லாமல் சொல்லக் கற்றுக்கொள்வார்.

போதகர்களுக்கும் முதலாளிகளுக்கும்

ஆயர்களே, மாதத்தில் ஒரு ஞாயிறாவது ஆராதனைக்குப் பின் ஒரு கூட்டமும் இல்லையென்று அறிவியுங்கள். கமிட்டியை வாரநாள் ஒன்றின் மாலைக்கு மாற்றுங்கள். உங்களுக்கு ஞாயிறு உழைப்பின் நாளாகையால், திங்கட்கிழமையை உங்கள் ஓய்வுநாளாகச் சபை ஏற்றுக்கொள்ளும்படி கேளுங்கள். அன்றைக்கு அவசரமில்லாத எதற்கும் உங்களை அழைப்பதில்லையென்று சபையாரும் தீர்மானிக்கட்டும்.

தொழிற்பேட்டையில் பத்துப் பேரை வைத்து யூனிட் நடத்தும் விசுவாசிகளே, சரக்கு அனுப்பும் அவசரத்துக்காக ஞாயிற்றுக்கிழமைகளில் ஆட்களை வரவழைக்கும் வழக்கத்தை விட்டுவிடுங்கள். உங்கள் ஆட்களில் இந்துவும் முகமதியரும் பீகாரிலிருந்து வந்தவரும் இருப்பார்கள். அந்நியனும் இளைப்பாறவேண்டும் என்றே கட்டளை சொல்லுகிறது. வீட்டு வேலைக்கு ஆள் வைத்திருப்பவர்கள், அந்த அம்மாளுக்கு வாரத்தில் ஒருநாள் சம்பளத்தோடு விடுமுறை கொடுங்கள். உங்களுடைய ஓய்வுநாளில் உணவை ஆர்டர் செய்து, வேறொருவரை வெயிலில் ஓடவிடாதிருங்கள்.

இதை வாசிக்கிறவர்கள் அடுத்த அத்தியாயத்துக்கு இப்போதே போகவேண்டாம். வருகிற சனிக்கிழமை மாலை ஆறு மணிக்கு வீட்டிலுள்ளவர்களை அழைத்து உட்காரவைத்து, ஞாயிறு மதியத்துக்கு யார் சமைப்பது, பாத்திரத்தை யார் கழுவுவது என்பதை முதலில் பேசி முடிவு செய்யுங்கள்.